இரண்டு மணி முதல் இரண்டு மணி வரை



சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு சிறு கலகம் நடந்தது. காரணம் நகையுமல்ல, நாத்தனாருமல்ல. ஒரு சைக்கிள்!

எங்கள் ஊர் மத்திகிரி. ஓசூரை ஒட்டியிருக்கிறது, சற்று தூரம் போனால் கர்நாடக எல்லை. 1824-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் பட்டாளத்துக் குதிரைகளுக்காக இங்கே ஒரு பண்ணை அமைத்தார்கள். பிற்பாடு அது கால்நடைப் பண்ணையாகி இன்றும் இருந்து வருகிறது. குதிரைகள் போய் மாடுகள் வந்தன. 1970-களில் சிப்காட் வந்தது. அதன் பின்னால் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் தொழிற்சாலைகள் வந்தன. இப்போது எங்கள் ஊரில் பொழுது விடிவதும் சாய்வதும் சூரியனைப் பார்த்து அல்ல, ஷிப்ட் பஸ்ஸைப் பார்த்துத்தான்.

என் மகன் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான், மருமகள் வேறொன்றில். ஆறு வயதில் ஒரு பேத்தி. மகனுக்கு மூன்று வருஷமாக ஒரு பழக்கம். மாதம் ஒரு சனிக்கிழமை, மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிளை எடுத்துக்கொண்டு, சிநேகிதர்களுடன் கிளம்பிவிடுவான். எங்கேயாவது கூடாரம் அடித்துப் படுத்து, மறுநாள் முகமெல்லாம் புழுதியும் சிரிப்புமாக வந்து சேருவான். புளியோதரை கட்டித் தருவது யார்? மருமகள். அழுக்குத் துணியைத் துவைப்பது யார்? அவளேதான். "போய் வந்தால் மனசு லேசாகிறது, அம்மா" என்பான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுடைய மனசை யார் லேசாக்குவது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை; வெட்கத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள் இரவு, பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அத்தை, வியாழக்கிழமை எனக்கு ஷிப்ட் மாறுது. அன்னிக்கு ரெண்டு மணிக்கு வெளியே வந்தா, மறுநாள் ரெண்டு மணிக்குத்தான் உள்ளே போகணும். இருபத்து நாலு மணி நேரம்!"

காலை ஆறு முதல் இரண்டு வரை முதல் ஷிப்ட். இரண்டு முதல் இரவு பத்து வரை இரண்டாவது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நடுவில் சரியாக ஒரு நாள் கிடைக்கிறது. இத்தனை நாளும் அந்த ஒரு நாளில் அவள் மாவு அரைத்தாள், ரேஷன் கடைக்குப் போனாள், பேத்தியின் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றாள். இந்தத் தடவை, கூட வேலை செய்யும் இரண்டு பெண்களுடன் ராயக்கோட்டை வரை சைக்கிளில் போய் ஓர் இரவு தங்கி வரலாமா என்று கேட்டாள்.

நான் வாய் திறக்குமுன் மகன் திறந்துவிட்டான். "சானமாவு காட்டிலே யானை நிக்கும். ஊடேதுர்கம் பக்கம் வேறே. குரங்கணியை மறந்துட்டியா?"

குரங்கணியை யார்தான் மறப்பார்கள்? 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்து மலையில் பிடித்த காட்டுத் தீயில் நடைப்பயணம் போன இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெண்கள் பலர். அந்தச் செய்தியைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மகன் சொன்னது அத்தனையும் வாஸ்தவமான பயம். ஆனால் என் வாயிலிருந்து வேறு ஒரு கேள்வி வந்துவிட்டது.

"ஏண்டா, நீ போறப்போ மட்டும் யானை லீவிலே இருக்கா?"

அவனுக்குப் பதில் வரவில்லை. மருமகள் குழாயை மூடிவிட்டு என்னையே பார்த்தாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எனக்கு வயது அறுபத்தொன்று. என் வாழ்நாளில் வீட்டுக்கு வெளியே எத்தனை இரவுகள் கழித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். கல்யாண வீடுகள், பிரசவ ஆஸ்பத்திரி, மாமனார் படுத்திருந்த ஆஸ்பத்திரி, சாவு வீடுகள், இரண்டு தடவை திருப்பதி. ஒவ்வோர் இரவிலும் யாருக்காவது ஏதாவது செய்துகொண்டுதான் இருந்தேன். எனக்கென்று ஓர் இரவு? நீங்களும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே. விரல்கள் மிஞ்சும்.

மறுநாள் நானே சம்மதம் சொன்னேன். சம்மதம் சொன்னால் போதாது, யோசனையும் வேண்டும் அல்லவா? மூவருமாக உட்கார்ந்து திட்டம் போட்டோம். உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் விஷயம், காட்டுக்குள் தங்குவதில்லை. காப்புக் காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே சட்டப்படி குற்றம். காட்டில் நடக்க ஆசையிருப்பவர்களுக்கு 2024 முதல் அரசாங்கமே பல பாதைகளை அனுமதிச் சீட்டுடனும் வழிகாட்டியுடனும் திறந்துவிட்டிருக்கிறது. இவர்கள் தங்கியது, கூட வந்த பெண் ஒருத்தியின் அப்பாவுடைய தக்காளித் தோட்டத்தில், வீட்டை ஒட்டிய களத்தில்.

இரண்டாவது, காலம் பார்த்தல். ஐப்பசி, கார்த்திகையில் கேழ்வரகு முற்றும்போது பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் எங்கள் பக்கம் இறங்கும். மாசி பிறந்தபின் பெரும்பாலும் திரும்பிவிடும். "பெரும்பாலும்" என்ற சொல்லை யானை படித்ததில்லை. ஆகவே வழியில் இருக்கும் ஊர்க்காரர்களைப் போனில் விசாரித்துக்கொண்டுதான் கிளம்பினார்கள். சூரியன் மறைவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், விடிந்தபின்தான் கிளம்ப வேண்டும் என்பதும் ஏற்பாடு.

மூன்றாவது, நெருப்பு மூட்டுவதில்லை. பங்குனி நெருங்கினால் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். புளியோதரை, எலுமிச்சை சாதம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம்: ஓர் இரவுக்கு அடுப்பே தேவையில்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கனமான சாமான்களை முதுகில் சுமக்காமல் சைக்கிள் காரியரில் தாழ்வாகக் கட்டிக்கொள்வது நல்லது. முதுகு தப்பும், வண்டியும் ஆடாது. ஓசூர் சீமை கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பின்னிரவில் குளிர் குத்தும். ஒரு கம்பளியை மறந்துவிடக் கூடாது.

நான்காவது பாடத்தை நடத்தியவன் என் மகன்! முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், புதன்கிழமை மாலை தானாகவே சைக்கிளை வாசலில் கவிழ்த்துப் போட்டான். தன் உயரத்துக்கு இருந்த சீட்டை நாலு விரற்கடை இறக்கி முடுக்கினான். "செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாத்திட்டு, அப்புறம்தான் பின்சக்கரத்தைக் கழட்டணும். புது ட்யூப் போடறதுக்கு முன்னாடி டயருக்குள்ளே விரலை விட்டு முள் இருக்கான்னு தடவிப் பாரு" என்று மூன்று தடவை கழற்றி மாட்டச் சொன்னான். கோபத்திலும் அவன் கற்றுக் கொடுத்த அழகைப் பார்த்து எனக்குப் பாதிக் கவலை போயிற்று.

இந்த மாதிரிச் சைக்கிள் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், 1970-களில் சில இளைஞர்கள் பழைய தடி டயர் சைக்கிள்களை மலை மேல் கொண்டுபோய் உருட்டிவிட்டு விளையாடினார்கள். 1976-இல் பந்தயமே வைத்தார்கள். இறங்கி வருவதற்குள் பிரேக் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் எரிந்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அந்தக் கூட்டத்திலும் ஒரு பெண் இருந்தாள். வெண்டி க்ராக் என்று பெயர். மலையில் ஓட்டியதோடு, அந்தக் காலத்தைப் புகைப்படங்களாக எடுத்து வைத்தவளும் அவளே.

வேலை நாட்களுக்கு நடுவே ஓர் இரவை எடுத்துக்கொள்ளும் யோசனைக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆலஸ்டர் ஹம்ப்ரீஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 2001 முதல் 2005 வரை சைக்கிளிலேயே உலகத்தைச் சுற்றி வந்தவர். அப்படிப்பட்டவர் 2011-இல், லண்டனைச் சுற்றி ஓடும் நெடுஞ்சாலையின் ஓரமாகவே நடந்து, வீட்டுக்குப் பக்கத்திலும் சாகசம் உண்டு என்று காட்டினார். ஆபீஸ் மாலை ஐந்துக்கு மூடினால் மறுநாள் ஒன்பதுக்குத்தான் திறக்கிறது; நடுவில் இருக்கும் பதினாறு மணி நேரம் உன்னுடையது என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பதினாறு மணி நேரத்தில் இட்லிக்கு ஊறப் போடுவதும் சீருடைக்கு இஸ்திரி போடுவதும் அடக்கம். அதை யாராவது வாங்கிக்கொண்டால்தான் கணக்கு நேராகும்.

வியாழக்கிழமை வந்தது. மருமகள் வேலையிலிருந்து வந்து, மூன்று மணிக்குக் கிளம்பினாள். அவளுடன் வந்தவர்களில் ஒருத்தி ஓட்டியது, பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிள். கியரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. "நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாடி வாங்க" என்றாள்! கெலமங்கலம் வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அந்தி சாய்வதற்குள் "வந்து சேர்ந்தோம்" என்று கைப்பேசியில் ஒரு வரி வந்தது.

வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டுமே. மகனுக்குப் பால் குக்கர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பேத்தியின் வெள்ளிக்கிழமைச் சீருடை வேறு நிறம் என்பதும் தெரியவில்லை. என்னைக் கேட்டான். "எனக்கும் தெரியாதப்பா, தேடு" என்று சொல்லிவிட்டு நான் டெலிவிஷன் முன் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரியும், பொய்தான் சொன்னேன். அரை மணி நேரம் தேடினான். இனி ஆயுளுக்கும் மறக்க மாட்டான்.

இரவு பேத்தி "அம்மா" என்று சிணுங்கினாள். எனக்கும் அடிவயிற்றில் ஏதோ செய்தது. நாம்தான் தப்புச் செய்துவிட்டோமோ என்று விடிய விடிய ஓர் எண்ணம். இதை மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் சம்மதம் கொடுத்தாலும் உங்களுக்கும் இப்படித்தான் இருக்கும்.

மறுநாள் காலை அவர்கள் ராயக்கோட்டை மலைக்கோட்டையில் ஏறினார்கள். திப்பு சுல்தான் காலத்துப் போரில், 1791-இல் மேஜர் கௌடி என்ற வெள்ளைக்காரத் தளபதி பிடித்த கோட்டை அது. இன்று தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இறங்கி, எட்டு மணிக்குத் திரும்பியவர்களுக்கு வழியில் சோதனை காத்திருந்தது. கருவேல முள் ஒன்று பின் டயரில் ஏறிவிட்டது. பதினோரு மணிக்கு வரவேண்டியவளைக் காணோம். பதினொன்றரை. பன்னிரண்டு. மகன் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தான். "ரெண்டு மணி ஷிப்ட் போச்சு" என்றான். நான் சாமி படத்தைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டரைக்குப் புழுதியும் கிரீஸுமாக வந்து நின்றாள். முதல் தடவை மாட்டியபோது டயருக்குள் இன்னொரு முள் இருந்ததைக் கவனிக்கவில்லையாம். இரண்டாவது தடவை விரலை விட்டுத் தடவியிருக்கிறாள். மகன் ஒன்றும் பேசாமல் சைக்கிளை வாங்கிக்கொண்டு தட்டைப் போட்டான். அவனே வைத்த ரசம். உப்பு சற்று அதிகம். அவள் குளித்து, சாப்பிட்டு, ஒன்றேகால் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

இரவு பத்தரைக்கு மேல் வந்தவளிடம் கேட்டேன்: "எப்படிம்மா இருந்தது?" நட்சத்திரம், மலை, காற்று என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தது, அத்தை. என்ன செய்யணும்னு யோசிச்சேன். ஒண்ணும் செய்ய வேண்டியதில்லைன்னு ஞாபகம் வந்தது. திரும்பப் படுத்துத் தூங்கிட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு தூக்கத்துக்காகத்தான் இத்தனை கலகமும்.

1991 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அதற்கு ஊக்கம் தந்த கலெக்டரும் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணிதான். பெண் சைக்கிள் ஏறினால் ஊர் சிரிக்கும் என்று அப்போதும் சொன்னார்கள். சிரித்த ஊர் பிறகு பழகிக்கொண்டது. பகலில் போய் வரும் உரிமை அப்படி வந்தது. ஓர் இரவு தங்கி வரும் உரிமையை அரசாங்கம் கொடுக்க முடியாது. அது வீட்டுக்குள்ளிருந்துதான் வரவேண்டும். பெரும்பாலும் மாமியார் வாயிலிருந்து.

உங்களுக்கு மலையும் சைக்கிளும் பிடிக்காமல் இருக்கலாம். ஒரு சிநேகிதி வீட்டு மாடியாக இருக்கட்டும், ஒரு கோயில் சத்திரமாக இருக்கட்டும். இந்த வாரம் காலண்டரை எடுத்து, உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஷிப்ட் மாறும் நாள் எது என்று பாருங்கள். அவள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். என் மருமகள் கேட்க மூன்று வருஷம் ஆயிற்று.