விண்டர் ஃபார்ம் ஷேர்: பெட்டியைப் பார்த்துச் சேரலாமா, பண்ணையைப் பார்த்துச் சேரலாமா?

நவம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் திறந்தவெளி உழவர் சந்தைகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டிவிடும். ஜூன் முதல் அக்டோபர் வரை பக்கத்துப் பண்ணையிலிருந்து வாராவாரம் காய்கறி வாங்கிப் பழகியவர்களுக்கு அடுத்த சில மாதங்களுக்கு என்ன வழி? பெரும்பாலானோர் கலிபோர்னியாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் லாரியில் வந்து இறங்கும் காய்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிலர் மட்டும் போனை எடுத்து 'விண்டர் ஃபார்ம் ஷேர்' என்று தேடுகிறார்கள்.

தேடினால் பட்டியல் வரும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. எல்லாமே 'பண்ணைப் பங்கு' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும். ஆனால் எல்லாமே பண்ணைப் பங்கு அல்ல.

பங்கு என்றால் என்ன?

சீசன் தொடங்கும் முன்பே வாடிக்கையாளர் பண்ணைக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிடுவார். சீசன் முழுக்க விளைச்சலில் தன் பங்கை வாங்கிக்கொள்வார். 1986-ல் மாசசூசெட்ஸில் உள்ள இண்டியன் லைன் பண்ணையும், நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டெம்பிள்-வில்டன் பண்ணையும் அமெரிக்காவில் இதைத் தொடங்கிவைத்தன. விதை, கூலி, டீசல் என்று செலவு முன்னால் வரும், வருமானம் பின்னால் வரும் என்பதுதான் உழவரின் நிரந்தரத் தலைவலி. அந்த இடைவெளியை வட்டிக்கடனுக்குப் பதிலாகச் சாப்பிடுகிறவர்களின் பணத்தால் நிரப்புவதே இதன் அடிப்படை.

பங்குச் சந்தையில் பணம் போடுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். பங்கு என்றால் லாபத்தில் மட்டுமல்ல, நஷ்டத்திலும் பங்குதான். நன்றாக விளைந்தால் பை நிறையும். விளையாவிட்டால் பாதிப் பைதான்.

பனியில் எப்படிக் காய்கறி?

பனிக்காலப் பங்கில் வருவதில் பெரும்பகுதி, ஏற்கெனவே விளைந்து முடிந்து அறையில் காத்திருப்பது. கேரட், பீட்ரூட், டர்னிப், முட்டைகோஸ் எல்லாம் இலையுதிர் காலத்திலேயே அறுவடையாகி, உறைநிலையை ஒட்டிய, ஈரப்பதம் நிறைந்த குளிர் அறைக்குள் போய்விடும். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் குளிர் வேண்டும், ஆனால் ஈரம் ஆகாது. பரங்கிக்காய் வகைகளுக்கு 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதைவிடக் குளிர்ந்தால் கெட்டுப்போகும். ஆக, ஒரே பண்ணைக்கு இரண்டு மூன்று விதமான சேமிப்பு அறைகள் தேவை. கட்டடம், கரன்ட், ஆள் எல்லாமே செலவு.

கீரைக்கு வேறு வழி. பாலித்தீன் போர்த்திய, சூடேற்றாத குடில்களுக்குள் பாலக், கேல் போன்றவற்றை வளர்க்கிறார்கள். மெய்ன் மாநிலத்தில் எலியட் கோல்மன் இந்த முறையைப் பல ஆண்டுகள் செய்துகாட்டி, புத்தகங்களும் எழுதிப் பரப்பினார். இதில் குளிரைவிடப் பெரிய தடை வெளிச்சம். பாஸ்டன் பகுதியில் நவம்பர் இரண்டாம் வார வாக்கில் பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கிவிடும். பிப்ரவரி தொடக்கத்தில்தான் மறுபடி ஏறும். நடுவில் செடி அநேகமாக வளராது. உயிரோடு நிற்கும், அவ்வளவுதான். அதனால் ஜனவரியில் பறிக்க வேண்டிய கீரை நவம்பர் தொடக்கத்துக்குள் வளர்ந்து முடிந்திருக்க வேண்டும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. ஜனவரிப் பெட்டியில் என்ன இருக்கும் என்பது கோடையிலேயே முடிவாகிவிடுகிறது. 2023 ஜூலையில் வெர்மாண்டில் பெருவெள்ளம் வந்தபோது, பர்லிங்டன் நகரில் வினூஸ்கி ஆற்றங்கரையில் உள்ள இன்டர்வேல் பண்ணை நிலங்கள் மூழ்கின. உண்ணும் பகுதியை ஆற்று வெள்ளம் தொட்டுவிட்டால் அந்தக் காயை விற்கக்கூடாது என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் நிலைப்பாடு. அறுவடைக்கு நின்றதும் போச்சு, பனிக்காலத்துக்காக வளர்ந்துகொண்டிருந்ததும் போச்சு. இப்படி ஒரு வருஷம் வந்தால், முன்பணம் கட்டிய பங்குதாரர்கள்தான் பண்ணைக்கு முதல் கைத்தாங்கல்.

பெயரில் ஏமாற வேண்டாம்

இங்கேதான் அசல் பங்கும் சந்தா பெட்டியும் பிரிகின்றன. மொத்த வியாபாரியிடம் வாங்கி, பெட்டியில் அடுக்கி, அழகான ஆப்பில் விற்கும் நிறுவனத்துக்கு வெள்ளம் ஒரு பொருட்டல்ல. இங்கே கிடைக்காததை வேறு எங்கிருந்தாவது வாங்கிப் போட்டுவிடும். பெட்டி எப்போதும் நிறைந்திருக்கும். அந்த வசதி வேண்டும் என்பவர் தாராளமாக வாங்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் அதை 'லோக்கல்' என்றோ 'ஷேர்' என்றோ சொல்லி விற்பதுதான் தப்பு. கலிபோர்னியா 2013-ல் சட்டம் இயற்றி, ஒரே பண்ணையின் பங்கு எது, பல பண்ணைகள் சேர்ந்து தரும் பங்கு எது என்று வரையறுத்தது. எல்லா மாநிலங்களிலும் அப்படி ஒரு வரையறை இல்லை. அதனால் கேள்வி கேட்கும் பொறுப்பு வாங்குகிறவர் தலையில் விழுகிறது.

பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் போதும்:

• பெட்டியில் வரும் ஒவ்வொன்றும் எந்தப் பண்ணையில் விளைந்தது? பல பண்ணைகள் சேர்ந்திருந்தால் குறையில்லை. பெயரைச் சொல்லத் தயங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

• போன வருஷம் பிப்ரவரியில் என்ன கொடுத்தீர்கள்? டிசம்பர் பெட்டி எல்லோரிடமும் அழகாகத்தான் இருக்கும். சேமிப்பு அறையின் லட்சணம் பிப்ரவரியில்தான் தெரியும்.

• வாரம் ஒருமுறையா, மாதம் ஒருமுறையா? எத்தனை கிலோ? இரண்டு பேர் உள்ள வீட்டுக்குப் பாதிப் பங்கு உண்டா?

• விளைச்சல் பொய்த்தால் என்ன? பனிப்புயலால் வாங்க வர முடியாவிட்டால் என்ன?

தேடுவதற்கு அமெரிக்க வேளாண் துறையின் உள்ளூர் உணவுப் பட்டியல், லோக்கல் ஹார்வெஸ்ட் இணையதளம், மேற்கு மாசசூசெட்ஸில் சிசா அமைப்பின் பட்டியல் ஆகியவை நல்ல தொடக்கம். பல ஊர்களில் பனிக்காலத்திலும் கூரைக்குள் உழவர் சந்தை நடக்கிறது. அங்கே நேரில் கேட்பது இன்னும் நல்லது. செப்டம்பர், அக்டோபரிலேயே கேட்டுவிட வேண்டும். நவம்பர் கடைசியில் போனால் பல இடங்களில் பங்கு தீர்ந்திருக்கும்.

எல்லோருக்கும் ஒத்துவருமா?

வராது. சில நூறு டாலரை மொத்தமாக முன்கூட்டியே எடுத்து வைப்பது எல்லோராலும் முடிகிற காரியமல்ல. தவணையில் கட்டவிடும் பண்ணைகள் இருக்கின்றன. அரசின் உணவு உதவி பெறும் குடும்பங்கள் உள்ளூர்ப் பண்ணைகளில் காய்கறி வாங்கச் செலவிடும் தொகையை, மாதாந்திர வரம்புக்குள், திருப்பித் தரும் திட்டத்தை மாசசூசெட்ஸ் 2017-ல் தொடங்கியது; பண்ணைப் பங்குக்கும் அது பொருந்தும். இது போன்ற ஏற்பாடு இல்லாவிட்டால் பண்ணைப் பங்கு வசதியானவர்களின் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடும்.

'மறுபடியும் பீட்ரூட்டா?' என்ற சலிப்பும் நியாயமானதுதான். பிப்ரவரியில் தக்காளியும் வெண்டைக்காயும் வராது. ஆனால் இந்தக் கிழங்கு மூட்டையைக் கண்டு தமிழ்ச் சமையலறை மிரள வேண்டியதில்லை. பீட்ரூட், முட்டைகோஸ் பொரியல், நூக்கல் கூட்டு, முள்ளங்கி சாம்பார், பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு எல்லாம் நமக்குப் பழகியவை. குளிர் பட்ட கேரட்டில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் அது கூடுதலாக இனிக்கும் என்பது உபரி லாபம்.

வசதி முக்கியம் என்றால் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. பக்கத்து நிலம் வீட்டுமனை ஆகாமல் நிலமாகவே நீடிக்க வேண்டும் என்று நினைப்பவர், பெட்டியின் படத்தைப் பார்த்துச் சேராமல் பண்ணையை விசாரித்துச் சேர வேண்டும். சேர்ந்த பிறகு, மெலிந்த பெட்டி வரும் வாரத்திலும் விலகாமல் நிற்க வேண்டும். உழவர் கடன் வாங்குவதா, நிலத்தை விற்பதா என்று யோசிப்பது அந்த மாதிரி வாரங்களில்தான்.