‘ஓடாதே’ என்பது மருத்துவம் அன்று

ஆய்வேட்டின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று கேட்கும் நெறியாளர், முழங்கால் வலிக்கிறது என்று வந்து நிற்கும் மாணவியிடம் மட்டும் சான்றின்றித் தீர்ப்பு வழங்கிவிடுகிறார்: “ஓடினால் முட்டி தேய்ந்துவிடும். பேசாமல் நடைப்பயிற்சி செய்.” மாணவியும் அதை ஏற்றுக்கொள்கிறார். மாதிரி அளவு என்ன, ஒப்பீட்டுக் குழு எது, யார் எப்போது அளந்தார்கள் என்ற கேள்விகள் நூலகத்தின் வாசலோடு நின்றுவிடுகின்றன. இந்திய உயர்கல்வி வளாகங்களில் எவ்விதச் சரிபார்ப்பும் இன்றிப் புழங்கும் கோட்பாடுகளுள் முழங்கால் தேய்மானக் கோட்பாட்டுக்கு முதலிடமே தரலாம்.

நடப்பது பெரும்பாலும் இதுதான். மூன்று ஆண்டுகள் நாளுக்கு ஒன்பது, பத்து மணி நேரம் நாற்காலியில் கழித்த ஓர் ஆய்வு மாணவர், உறக்கம் கெட்டோ, எடை கூடியோ, ஜனவரி மாத மும்பை மாரத்தான் படங்களைப் பார்த்தோ, ஒரு நாள் காலையில் மெல்லோட்டத்தில் இறங்குகிறார். முதல் வாரம் அரை கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது. மூன்றாம் வாரம் இரண்டு கிலோமீட்டர் எளிதாகிறது. ஐந்தாம் வாரம் ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்ததைக் கைப்பேசிச் செயலி பாராட்டுகிறது. அடுத்த நாள் விடுதிப் படிகளில் இறங்கும்போது முழங்காலின் முன்புறத்தில், சில்லுக்குப் பின்னால், ஒரு மந்தமான வலி. இரண்டு மணி நேரக் கருத்தரங்கு முடிந்து எழும்போது அதே வலி. பிறகு வலிநிவாரணித் தெளிப்பு, மருந்துக் கடையில் வாங்கிய முழங்கால் உறை, ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் அறிவுரை, எக்ஸ்-ரே, அதில் திருப்தி இல்லை என்றால் எம்.ஆர்.ஐ. இறுதியில் காலணிகள் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்கின்றன. இந்தச் சங்கிலியில் ஒருவர்கூட “எத்தனை வாரத்தில் எவ்வளவு தூரத்தைக் கூட்டினாய்?” என்று கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.

உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் பயிற்சிக்குப் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே முன்னேறிவிடுகின்றன. தசைநாண்களும் எலும்பும் குருத்தெலும்பும் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். ஓடத் தொடங்கியவரை ஏமாற்றுவது அவருடைய மூச்சுதான். மூச்சு வாங்கவில்லை என்பதால் உடல் அணியமாகிவிட்டது என்று அவர் முடிவு செய்கிறார். முழங்காலோ இன்னும் முதல் மாதத்தில்தான் இருக்கிறது. முழங்காலை மடக்கும்போது சில்லு, தொடையெலும்பின் பள்ளத்துக்குள் அழுந்திச் சறுக்குகிறது. ஒவ்வொரு காலடியிலும் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியவை தொடையின் முன்தசைகளும் இடுப்பின் பக்கத் தசைகளும். நாற்காலி அவற்றை ஆண்டுக்கணக்கில் வேலையற்றவையாக வைத்திருந்தது. ஆகவே புதிதாக ஓடுபவரின் முன்முழங்கால் வலி பெரும்பாலும் தேய்மானத்தின் அறிகுறி அன்று. சுமைக்கும் தாங்குதிறனுக்கும் இடையிலான கணக்குப் பிழை. நீண்ட நேரம் மடக்கி வைத்த முழங்காலில் எழும் இந்த வலிக்கு ஆங்கில மருத்துவ வழக்கில் திரையரங்கை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். நம் துறைகளில் அதைக் கருத்தரங்க வலி என்றே அழைக்கலாம். முழங்காலின் வெளிப்பக்கத்தில், குறிப்பிட்ட தூரத்துக்குப் பின் தொடங்கும் வலி வேறு வகை. இடுப்பிலிருந்து இறங்கும் தசைப்பட்டையைச் சார்ந்தது. அதிலும் கணக்குப் பிழையே பெரும்பாலும் காரணம்.

இனி, தேய்மானக் கோட்பாட்டுக்கு வருவோம். அது முழங்காலை லாரியின் டயராகக் கருதுகிறது: ஓடிய தூரம் கூடக் கூட ரப்பர் குறையும் என்ற கணக்கு. உயிருள்ள திசு அப்படி இயங்குவதில்லை. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. அது அழுந்தித் தளரும்போது மூட்டுத் திரவத்திலிருந்தே ஊட்டத்தைப் பெறுகிறது. அளவான சுமை அதற்குப் பகை அன்று, உணவு. 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உடற்பயிற்சிக்காக ஓடுபவர்களிடம் 3.5 விழுக்காடு, ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் 10.2 விழுக்காடு, போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் 13.3 விழுக்காடு. ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் நெடுந்தூர ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் ஏறத்தாழ 18 ஆண்டுகள் தொடர்ந்து எக்ஸ்-ரே எடுத்து ஒப்பிட்டு 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓடியவர்களின் முழங்கால்கள் கூடுதலாகத் தேய்ந்திருக்கவில்லை. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் நூறு பேருக்கும் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முறையியல் தெரிந்தவர்கள் இங்கே ஒரு மறுப்பை எழுப்புவார்கள். இவை யாவும் கண்காணிப்பு ஆய்வுகள். முழங்கால் நன்றாக இருப்பவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள், கெட்டுப்போனவர்கள் விலகிவிடுகிறார்கள். எனவே குறைந்த விழுக்காடு ஓட்டத்தின் கொடை ஆகாது என்பார்கள். நியாயமான மறுப்பு. ஆனால் அது எதைத் தகர்க்கிறது என்று கவனிக்க வேண்டும். ‘ஓட்டம் முழங்காலைக் காக்கிறது’ என்ற கூற்றை அது பலவீனப்படுத்தலாம். ‘ஓட்டம் முழங்காலை அழிக்கிறது’ என்ற கூற்றுக்கு அது ஒரு துளிச் சான்றும் தருவதில்லை. ஓடாதே என்று சொல்பவர்மீதே மெய்ப்பிக்கும் பொறுப்பு இருக்கிறது. அவரோ ஓர் அத்தையின் முழங்காலைத் தவிர வேறெதையும் முன்வைத்ததில்லை. எண்பது வயதைக் கடந்த பிறகு தீவிரமாக ஓடத் தொடங்கி, 2011-இல் டொரண்டோ மாரத்தானைத் தம் நூறாவது வயதில் முடித்ததாகக் கொண்டாடப்பட்ட ஃபௌஜா சிங்கை எதிர்த்தரப்பு இழுத்து வருவதும் இதே பிழைதான். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் நிறுவனம் அவருடைய சாதனையை ஏற்கவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு கிழவரின் முழங்கால் எதையும் நிறுவாது, ஓர் அத்தையின் முழங்கால் எதையும் நிறுவாதது போலவே.

ஓட்டத்தின் ஆதரவாளர்களும் இங்கே குற்றமற்றவர்கள் அல்லர். வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே, வலியே வராது என்று அவர்கள் ஒரு மந்திரம் ஓதுகிறார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரை வைத்து இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். ஒரு குழு அந்தப் பத்து விழுக்காட்டு விதிப்படி 13 வாரங்கள் பயிற்சி பெற்றது. இன்னொரு குழு வழக்கமான 8 வாரப் பயிற்சி பெற்றது. இரண்டிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. தொடக்கத்தில் வலி வருவது அரிதன்று என்பதே இதன் பொருள். எண்ணிட்ட விதி எல்லா உடலுக்கும் பொருந்தாது. அடுத்த நாள் காலை முழங்கால் தரும் விடையே அந்த உடலுக்கான விதி.

படமெடுக்கும் பழக்கத்தையும் தொட வேண்டியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘சவ்வில் சிதைவு’, ‘குருத்தெலும்பு மென்மையடைதல்’ என்ற சொற்களைப் பார்த்ததும் இருபத்தாறு வயது மாணவர் தம்மை முதியவராக எண்ணத் தொடங்குகிறார். எக்ஸ்-ரேயில் தேய்மானமே தெரியாத, ஐம்பது வயதைக் கடந்த 710 அமெரிக்கர்களின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. அவர்களுள் 89 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு குறைபாடு தென்பட்டது. வலி இருந்தவர்களிடமும் இல்லாதவர்களிடமும் அந்த விகிதம் பெரிதாக வேறுபடவில்லை. படத்தில் தெரிவது ஒன்று, வலிக்குக் காரணம் இன்னொன்று என்பது சாத்தியம் மட்டும் அன்று, மிகச் சாதாரணம். மருந்துச் சீட்டில் வழக்கமாக இடம்பெறும் குளுக்கோசமின் மாத்திரையின் கதையும் இத்தகையதே. மூட்டுத் தேய்மானம் உறுதியான 1,583 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட அமெரிக்கச் சோதனையில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது அது வெற்று மாத்திரையைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. தேய்மானம் உள்ளவர்களிடமே பெரிதாக வேலை செய்யாத மாத்திரையைத் தேய்மானமே இல்லாத ஆய்வு மாணவர் தம் உதவித்தொகையில் வாங்கி விழுங்குகிறார்.

அப்படியானால் வலிக்கு என்னதான் மருந்து? ‘முழு ஓய்வு’ என்று பலரும் சொல்வார்கள். ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் இணைத்து 1978-இல் பரப்பியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். முழு ஓய்வில் வலி தணியும் என்பது உண்மை. ஆனால் தாங்குதிறனும் கூடவே குறையும். ஆறு வாரம் படுத்திருந்து, பழைய ஐந்து கிலோமீட்டருக்கே நேராகத் திரும்புபவர் பழைய வலிக்கே திரும்புகிறார்; கோட்பாடு மெய்யாகிவிட்டது என்று நம்பவும் தொடங்குகிறார்.

வேண்டியது நிறுத்தம் அன்று, குறைப்பு. முன்முழங்கால் வலி கொண்ட 69 ஓட்டக்காரர்களை வைத்துக் கனடாவின் கியூபெக்கில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சுமையை எப்படிச் சரிசெய்வது என்று மட்டும் கற்றுக்கொண்ட குழு, அதோடு தசைப்பயிற்சியோ ஓட்ட நடைத் திருத்தமோ பெற்ற குழுக்களுக்கு இணையாகவே தேறியது. கற்றுக்கொடுத்தவை எளியவை. தூரத்தையும் வேகத்தையும் குறைத்துக்கொள்வது. ஒரே நாளில் நெடுந்தூரம் ஓடாமல், சிறு ஓட்டங்களாகப் பிரித்துக்கொள்வது. சரிவில் இறங்கி ஓடுவதையும் படிகளையும் சில காலம் தவிர்ப்பது. ஓடும்போது வலி பத்துக்கு இரண்டைத் தாண்டக்கூடாது. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். மறுநாள் காலையில் கூடியிருக்கக் கூடாது. இந்த எல்லைக்குள் இருக்கும் வலி அபாய மணி அன்று. ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதில் தொடங்குவது எவருக்கும் இழுக்கு அன்று.

காலடியையும் சற்றுச் சுருக்கலாம். ஒரு நிமிடத்தில் விழும் அடிகளை எண்ணி, அதே வேகத்தில், அந்த எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு வரை கூட்டினால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை குறைகிறது. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி குந்துதல், தாழ்ந்த படியில் மெதுவாக ஏறி இறங்குதல், பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துதல் ஆகியவற்றைச் செய்வதற்கு விடுதி அறையே போதும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பீட்டாளர் கருத்து வருவதற்கு அதைக் காட்டிலும் நீண்ட காலம் பொறுமையோடு காத்திருப்பவர்களுக்கு இது பெரிய சோதனை ஆகாது.

‘ஓடாதே’ என்ற சொல் எல்லார்மீதும் ஒரே எடையில் விழுவதில்லை. 2024-இல் வெளியான லான்செட் குளோபல் ஹெல்த் ஆய்வின் மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்திய வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. பெண்களில் 57 விழுக்காட்டினர், ஆண்களில் 42 விழுக்காட்டினர். விடியற்காலையில் ஓட வெளியேறும் மாணவிக்குத் தடையாக ஏற்கெனவே விளக்கில்லாத சாலை, காவலரின் விசாரணை, வெறிக்கும் கண்கள் என எத்தனையோ நிற்கின்றன. அத்தனையையும் கடந்து வந்தவரை நிறுத்துவதற்கு முழங்கால் ஒரு மரியாதையான காரணமாகிவிடுகிறது. அதற்கு மருத்துவத்தின் குரல் இருப்பதால் அவரால் எதிர்த்து வாதாடவும் முடிவதில்லை. நடக்க விரும்புபவர் நடக்கட்டும். நடை நல்ல பயிற்சி. ஓட விரும்பியவரைப் பொய்க் காரணம் சொல்லி நடையாளர் ஆக்குவதே இங்கே எதிர்க்கப்படுவது.

மருத்துவரை உடனே நாட வேண்டிய முழங்கால்களும் உண்டு. வெளிப்படையான வீக்கம், மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொள்ளுதல், நிற்கும்போதே கால் நழுவுதல், விழுந்தோ திரும்பியோ அடிபட்ட பின் ஊன்ற முடியாமை, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சலோடு சிவந்து சூடான மூட்டு ஆகியவற்றுக்கு மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. அவை இல்லாத முழங்காலோடு வளாக மருத்துவ மையத்துக்கு வரும் மாணவருக்குத் தேவைப்படுவது, எவ்வளவு தூரம், எத்தனை நாள், எப்போது மீண்டும் வர வேண்டும் என்று எழுதிய ஒரு சீட்டும், அதை எழுதத் தெரிந்த ஓர் இயன்முறை மருத்துவரும். பல வளாகங்களில் அந்தப் பணியிடமே கிடையாது. உடல்நலம் பற்றிய சுற்றறிக்கைகளை ஆண்டுதோறும் யோகா தினத்தன்று வெளியிடும் நிர்வாகங்களிடம் மாணவர் அமைப்புகள் முதலில் கேட்க வேண்டியது அதையும், ஓடுபாதைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு எரியும் விளக்குகளையும்.