தொட்டிக்கு ஒரு நியாயம், கடலுக்கு ஒரு நியாயமா?

வீட்டில் உப்புநீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஸ்கிம்மர், விளக்கு, பம்பு என்று ஒரு விலைப்பட்டியலே ஒப்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டடித் தொட்டி, 56 லிட்டர் தண்ணீர், இரண்டு கோமாளி மீன். பாசம் அதிகமாகி ஒரு நாளைக்கு நாலு வேளை தீனி போட்டேன். மூன்றே மாதத்தில் கல்லெல்லாம் முடிமுடியாகப் பச்சைப் பாசி. ஒரு மீன் செத்தும் போனது.

மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும் அழுகி அம்மோனியா ஆகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். அதற்கு மேல் சாதாரணத் தொட்டியில் அது எங்கும் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். தீனியில் வரும் பாஸ்பேட்டும் அப்படியே. இரண்டும் பாசிக்கு உரம். ஸ்கிம்மர் நுரையோடு கொஞ்சம் அள்ளும். வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றலாம். பக்கத்துத் தொட்டியில் பாசியை வேண்டுமென்றே வளர்த்து, அறுத்து வெளியே போடுபவர்களும் உண்டு. ஆனால் இதெல்லாம் இரண்டாம் பட்சம்தான் என்பது என் கட்சி. முதல் வைத்தியம் தீனி டப்பாவை மூடுவது!

பவளம் வைக்கவில்லையா என்று நண்பர்கள் கேட்பார்கள். பவளப்பூச்சிகள் 2001லேயே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. நம் கடலில் எடுத்தால் ஜெயில்தான்.

பாம்பனில் மீன்பிடிக்கும் மாமாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "தொட்டித் தண்ணிய நீ மாத்திருவ மருமகனே, கடல் தண்ணிய எவன் மாத்துவான்?" என்றார்.

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையானது நினைவிருக்கிறதா? எங்கள் பக்கம் பூங்கோரை என்பார்கள். நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகி, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கின. தீவோரப் பவளங்களும் அடி வாங்கின. காற்று, நீரோட்டம் எனப் பல காரணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உரம் இல்லாத தண்ணீரில் இப்படி எதுவும் பெருகாது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986ல் தேசியப் பூங்காவாயின. அதில் இரண்டு ஏற்கனவே மூழ்கிவிட்டன. 1998, 2010, 2016 என்று வெப்பத்தால் பவளங்கள் வெளுத்தன. அந்தச் சூட்டை இராமநாதபுரத்துக்காரர்கள் தனியாகத் தணிக்க முடியாது. சாக்கடையை நிறுத்த முடியுமே? ஏற்கனவே வெளுத்து நோஞ்சானான பவளத்தின் மேல் பாசி ஏறினால் அது தேறுவது கஷ்டம். புதுக் குஞ்சுப் பவளம் ஒட்டவும் வெறும் பாறை வேண்டுமல்லவா?

இங்கே ஒரு வேடிக்கை. பாக் நீரிணை ஓரம் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியை எங்கள் ஊரில் 'பெப்சி பாசி' என்பார்கள், 2000க்குப் பிறகு அந்தக் கம்பெனி வளர்க்க வைத்ததால். தொட்டிக்காரர் பாசி அறுப்பது போலத்தான், அறுவடையோடு கொஞ்சம் சத்தும் கடலிலிருந்து வெளியேறுகிறது. அதே பாசி தப்பிப்போய் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தை மூடியிருப்பதை 2008ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்காக மிதவை கட்டிப் பிழைக்கும் பெண்களைத் திட்டுவது அநியாயம். எங்கே வளர்ப்பது என்று இடம் காட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும். தீவுகளுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம் என்பேன்.

இராமேஸ்வரத்தில் லாட்ஜ் மேல் லாட்ஜாக எழும்புகிறது. அறைக்கு ஏசி உண்டா என்று கேட்கிறோம். கழிவுநீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை ரூம் போடும்போது கேட்டுப் பாருங்களேன், என்ன பதில் வருகிறதென்று...

என் தொட்டியில் மிச்சமிருக்கும் ஒற்றை மீனுக்கு இப்போது ஒரே வேளைதான் தீனி.