உயில் எழுதுவது அபசகுனமா?

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. அதற்குள் திண்ணையில் பேச்சு தொடங்கிவிட்டது.

"வீடு எனக்குத்தான் என்று அப்பா சொன்னார்" என்கிறான் மூத்தவன்.

"என்னிடம் அப்படிச் சொல்லவில்லையே!" என்கிறான் இளையவன்.

அக்காளிடம் ஒரு பத்திரத்தை நீட்டுகிறார்கள். "இதில் ஒரு கையெழுத்துப் போடு, அக்கா." அது விடுதலைப் பத்திரம். உள்ளே ஒரு மூலையில் தாய் உட்கார்ந்திருக்கிறாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ஊருக்கு ஊர் நடக்கும் கதை. கூடப் பிறந்தவர்கள் கோர்ட்டுப் படி ஏறுகிறார்கள். குழந்தைகள் வளர்ந்து பெரியவர்கள் ஆகிறார்கள். வழக்கு மட்டும் முடிவதில்லை.

காரணம் என்ன? அப்பா ஒரு தாளில் எழுதி வைக்காததுதான்!

உயில் எழுதினால் சாவை அழைப்பது போல என்று பலர் பயப்படுகிறார்கள். குடை வாங்கியதால் மழை வருவதில்லை. மழை வந்தால் நனையாமல் இருக்கத்தான் குடை.

உயில் இல்லாவிட்டால்?

இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர் சொத்தைப் பங்கு போடுகிறது. மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. மேலே சொன்ன குடும்பத்தில் மனைவிக்கு ஒன்று, மகன்களுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. ஆக நான்கு பங்கு.

"கட்டிக் கொடுத்த பெண்ணுக்குச் சொத்து ஏது?" என்ற பேச்சு சட்டத்தின் முன் செல்லாது. பரம்பரைச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போல உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-ல், அப்போது கல்யாணம் ஆகாத பெண்களுக்கு இந்த உரிமை வந்தது. 2005-ல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. அந்த ஆண்டில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது.

எழுதுவது எப்படி?

18 வயது நிறைந்து, தெளிந்த புத்தியுடன் இருக்கும் எவரும் எழுதலாம். முத்திரைத் தாள் வேண்டாம். வெள்ளைத் தாள் போதும். எந்தச் சொத்து, யாருக்கு என்பதைக் கதவு எண், சர்வே எண்ணோடு எழுதுங்கள். கையெழுத்து அல்லது கைநாட்டு வையுங்கள். இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். வீண் சந்தேகம் வரும்.

பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால் பாதுகாப்பு. மனம் மாறினால் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும்.

தாமே சம்பாதித்த சொத்தை இந்துக்கள் விருப்பப்படி எழுதலாம். பரம்பரைச் சொத்தில் தம் பங்கை மட்டுமே எழுதலாம். முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மட்டுமே உயில் மூலம் கொடுக்க முடியும்.

பாங்கியில் நாமினி போட்டாயிற்று, உயில் எதற்கு என்று கேட்கலாம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான். அந்தப் பணத்தில் வாரிசுகளுக்கு உள்ள உரிமை போய்விடாது.

வரி உண்டா?

ஒரு காலத்தில் இருந்தது. இறந்தவர் சொத்துக்கு 1953-ல் எஸ்டேட் வரி வந்தது, 1985-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது இந்தியாவில் அப்பா சொத்து பிள்ளைக்கு வருவதற்கு வரி இல்லை. ஆனால் அதில் வரும் வாடகையும் வட்டியும் பிள்ளையின் வருமானம் ஆகும். விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. லாபத்தைக் கணக்கிட, அப்பா வாங்கிய விலை தேவைப்படும். ஆகவே பழைய கிரயப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள்!

அவசரப்படாதீர்கள்

சிலர் பாசத்தால், உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளை பெயருக்கு செட்டில்மெண்டு எழுதிவிடுகிறார்கள். எழுதிய அன்றே வீடு கைமாறிவிடும். பிறகு சோற்றுக்குப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். உயில் அப்படி அல்ல. உங்கள் கடைசி மூச்சு வரை சொத்து உங்களுடையதே.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், "என்னைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பிள்ளை கைவிட்டால், 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. உயிலில் முதலில் மனைவியை நினையுங்கள். "என் மனைவி வாழும் வரை இந்த வீடு அவளுக்கு, அவளுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு" என்று எழுதலாம். வயதான காலத்தில் அவளை மூத்தவன் வீட்டுக்கும் இளையவன் வீட்டுக்கும் பந்தாட வேண்டாம். தன் பெயரில் நகையோ நிலமோ உள்ள பெண்களும் உயில் எழுத வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொத்து வைப்பது மட்டும் போதாது. அவர்கள் ஒற்றுமையாக இருக்க வழியும் வைத்துவிட்டுப் போக வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். கூட்டி வைத்துப் பேசுங்கள்!