பௌர்ணமி இரவும் வீட்டு இணையமும்

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயர அண்ணாமலையின் உச்சியில் தீபம் தெரிந்ததும் அரோகரா முழக்கம் எழுகிறது. கூடவே லட்சக்கணக்கான கைகளில் செல்பேசிகளும் உயர்கின்றன. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் ஜோதியைக் காட்ட வேண்டும், ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். அந்த நேரத்தில் திருவண்ணாமலையில் போன் சரியாகக் கிடைக்காது என்பது வருகிறவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. ஆனால், இதே நெரிசல் சற்றுச் சிறிய அளவில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வருகிறது. ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து வரும் பக்தர்கள் பெருகிய பிறகு, வார இறுதிகளிலும் கூட்டம் குறைவதில்லை. கிரிவலம் போகிறவரின் செல்பேசி திணறலாம். பாதையோரத்து வீட்டுக்குள் பாடம் படிக்கும் பிள்ளையின் வைஃபையும் சேர்ந்து ஏன் திணற வேண்டும்? திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்தில் வீட்டு இணையம் காற்றில் வரக் கூடாது, கம்பியில்தான் வர வேண்டும்.

காரணம் எளிது. செல்பேசிக் கோபுரம் ஒன்று பொதுவாக மூன்று திசைகளாகப் பிரித்து அலையை வீசுகிறது. ஒரு திசைக்குள் இருக்கும் அத்தனை பேரும் அந்தத் திசைக்குரிய அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2023இல் சந்தைக்கு வந்த ‘ஏர்ஃபைபர்’ வகை இணைப்புகளில் 5ஜியில் இயங்குபவை, மொட்டைமாடியிலோ ஜன்னலோரத்திலோ ஒரு பெட்டியை வைத்து, அதே கோபுரத்திலிருந்துதான் இணையத்தை வாங்கித் தருகின்றன. பெயரில் ஃபைபர் இருக்கிறது. வீட்டுக்கு வருவது காற்று. அடிஅண்ணாமலையிலோ செங்கம் சாலையிலோ இருக்கும் வீட்டுக்காரர், மாதம் முழுக்கப் பணம் கட்டி, பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் பாதையில் நடக்கும் பெருங்கூட்டத்தோடு வரிசையில் நிற்கிறார். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 5ஜியில் நேரத்தின் பெரும்பகுதி தரவிறக்கத்துக்கே ஒதுக்கப்படுகிறது. பதிவேற்றத்துக்குக் கிடைப்பது சிறு பங்கு. பக்தர்கள் அனுப்பும் படமும் நேரலையும் அந்தச் சிறு பங்கைத்தான் முதலில் நிரப்புகின்றன. அதனால்தான் யூடியூப் ஓரளவு ஓடும்போதே, வீட்டிலிருந்து வேலை செய்பவரின் குரல் இணையவழிக் கூட்டத்தில் விட்டுவிட்டுக் கேட்கிறது. சிக்னல் கோடுகள் முழுமையாக இருக்கும். வேலை மட்டும் நடக்காது. நிறுவனங்கள் வெளியிடும் கவரேஜ் வரைபடத்திலும் இது தெரியாது. அலை எட்டுகிறதா என்பதை வரைபடம் சொல்லும், அலையில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

வீட்டு இணைப்புகளுக்கென்று அலைவரிசையில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்க 5ஜியில் வழி இருக்கிறதே என்று தொழில்நுட்பம் அறிந்தவர்கள் கேட்கலாம். வழி இருக்கிறது. ஆனால், ஒதுக்கீடு செய்வதால் மொத்த அலைவரிசை கூடிவிடாது. வீட்டுக்குக் கொடுத்ததைக் கிரிவலப் பாதையில் குழந்தையைத் தவறவிட்டு போன் செய்யும் பெற்றோரிடமிருந்துதான் எடுக்க வேண்டும். தீபத்துக்கு நடமாடும் கோபுரங்களைக் கொண்டுவந்து நிறுத்துவது நல்ல ஏற்பாடு. அந்தக் கூடுதல் கொள்ளளவு பக்தர்களுக்கே போகட்டும். 2011 கணக்கெடுப்பின்படி அப்போதைய நகராட்சியின் மக்கள்தொகை 1,45,278. விழா நாளில் அதைப் போலப் பல மடங்கு பேர் வந்து நிற்கும் ஊரில், வீடுகளைக் காற்றிலிருந்து இறக்கிவிடுவது பக்தர்களுக்கும் செய்யும் உதவி.

ஃபைபர் மட்டும் ஒழுங்கா, ராத்திரி ஒன்பது மணிக்கு அதுவும்தானே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஃபைபரும் பங்குதான்: பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில் சுமார் 2.5 கிகாபிட் வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. ஆனால், அந்த 64 வீடு 64ஆகவே இருக்கும். பௌர்ணமிக்கு 6,000 ஆகாது. எண்ணிக்கை தெரிந்த கூட்டத்துக்குத் திட்டமிட முடியும், திட்டமிடாதவரைக் கேள்வி கேட்கவும் முடியும். விற்ற வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பயனாளருக்குக் கிடைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006லேயே அளவுகோல் வைத்தது. அந்த 80 சதவீதம் நிறுவனத்தின் முனையத்திலிருந்து வீடுவரைதான் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே, புகார் சொல்லும் முன் பழுது எங்கே என்று பிரித்துக்கொள்ள வேண்டும். லேப்டாப்பை ரவுட்டரோடு கம்பியில் இணைத்து, மதியம் ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை வேகத்தைப் பாருங்கள். கம்பியில் எப்போதும் வேகம் இருந்து வைஃபையில் மட்டும் இல்லையென்றால், குற்றவாளி தடித்த சுவரும் மூலையில் ஒளிந்த ரவுட்டரும்தான். மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் இது சாதாரணம். ரவுட்டரைக் கூடத்துக்கு மாற்றினாலே பாதி தீரும். கம்பியிலும் இரவில் மட்டும் வேகம் விழுந்தால், அந்தப் பதிவுதான் உங்கள் புகாருக்கு ஆதாரம்.

ஃபைபருக்கு எதிரான உண்மையான வாதம் வேறு: அது அறுந்துபோகும். மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கவிட்ட கேபிள் லாரி உரசினாலும் போகும், குரங்கு கடித்தாலும் போகும். வாராணசியில் கங்கைக் கரையோரம் போட்ட ஃபைபரைக் குரங்குகள் தின்று தீர்த்ததை 2015இல் உலகமே செய்தியாகப் படித்தது. மலையடிவாரக் குரங்குகளைப் பார்த்தவர்களுக்கு அது இங்கும் நடக்கும் என்பதில் சந்தேகம் இருக்காது. போதாக்குறைக்கு, தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் வலம் வரும் வீதிகளில், குறுக்கே தொங்கும் எந்தக் கம்பிக்கும் இடமில்லை. இந்த வாதம் ஃபைபர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபைபரை மண்ணுக்குள் புதை என்று சொல்கிறது.

புதைப்பதற்குச் செலவு ஆகுமே என்றால், செலவின் பெரும்பகுதி பள்ளம் தோண்டுவதுதான். அந்தப் பள்ளம் எப்படியும் தோண்டப்படுகிறது. குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் சாலையைத் திறக்கும்போதெல்லாம் ஒரு காலிக் குழாயைச் சேர்த்துப் போட்டு, எல்லா நிறுவனங்களுக்கும் உள்ளூர் கேபிள்காரர்களுக்கும் வாடகைக்கு விடலாம். 2024இல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலைக்கு இது வருமானமும்கூட. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்தை அரசே நடத்துகிறது. ஊராட்சி அலுவலகம்வரை வரும் இழை, அங்கிருந்து தெருவுக்குள் நுழைய வழி வேண்டும். பௌர்ணமிக்குச் சிறப்புப் பேருந்தும் குடிநீரும் கழிப்பறையும் திட்டமிடுகிற நிர்வாகம், சாலைப் பணி ஒப்பந்தத்தில் இந்தக் குழாய்க்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

அதுவரை, புதிதாக இணைப்பு வாங்குகிறவர்கள் தள்ளுபடியைப் பார்த்து ஆறு மாதச் சந்தாவை ஒருசேரக் கட்டிவிட வேண்டாம். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். அதற்குள் ஒரு பௌர்ணமி வந்துவிடும். அன்று இரவு எட்டு மணிக்கு வீட்டிலிருந்து ஒரு வீடியோ கால் பேசிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.