முதல் தீர்மானம்

மாநாடு என்றவுடன் உங்கள் மனக்கண்முன் எழும் காட்சிகள் எவை? வானளாவும் வளைவுகள், காற்றில் படபடக்கும் கொடிகள், கடலெனத் திரண்ட மக்கள், மேடையிலே முழங்கும் பேச்சாளர், பந்தலிலே எழும் கையொலி! இவற்றை எழுத ஏடுகள் உண்டு. பந்தலுக்குப் பின்புறம், விளக்கொளி எட்டாத மூலையில், வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் வாடகைக் கழிப்பறைகளைப் பற்றி எழுதுவார் இலர். இன்று நான் எழுதப் போவது அவற்றைப் பற்றித்தான். முகம் சுளிக்க வேண்டாம்; மூக்கைப் பொத்தவும் வேண்டாம். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிற பழக்கமே இந்நாட்டுக் கொடுமைகள் பலவற்றுக்குத் தாய்!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்ட மாநாடு. மாலை நான்கு மணி, வெயில் தணியவில்லை. மகளிர் பகுதியில் அமர்ந்திருந்த முதிய தோழியர் ஒருவரிடம் தண்ணீர்க் குவளையை நீட்டினேன்.

“வேண்டாம் தம்பி” என்றார்.

“நா வறண்டிருக்கிறதே, அம்மா?”

“குடித்தால் போக வேண்டி வரும். போய்ப் பார்த்தேன், உள்ளே கால் வைக்க முடியவில்லை.”

காலை ஆறு மணிக்கு ஊரிலே பஸ் ஏறியவர். இரவு பத்து மணிக்குக் கூட்டம் கலையும் வரை இருக்க வேண்டியவர். பதினாறு மணி நேரம் தாகத்தைத் தின்றுகொண்டு இயக்கத்தின் குரலைக் கேட்க வந்தவர்! அவர் செய்தது தியாகம் என்று நாம் பெருமை பேசலாமா? அவர்மீது நாம் சுமத்திய தண்டனை அன்றோ அது!

வரவேற்புக் குழுவினரைக் கேட்டேன். “நாற்பது வைத்திருக்கிறோமே! சென்ற முறை இருபதுதானே?” என்றனர். “நாற்பதையும் எத்தனை மணிக்கு ஒருமுறை துப்புரவு செய்ய ஏற்பாடு?” என்றேன். “மாநாடு முடிந்ததும் வந்து எடுத்துப் போவார்கள்” என்று விடை வந்தது. எண்ணிக்கைக்குப் பதில் இருந்தது; நேரத்துக்குப் பதில் இல்லை. குற்றம் அவர்கள் உள்ளத்தில் இல்லை, கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கைத்தான் சற்றுப் பார்ப்போம், வாருங்கள்.

இந்தக் கூண்டின் அடியில் ஒரு தொட்டி. ஏறத்தாழ 225 லிட்டர் கொள்ளும். அதில் 20 லிட்டர் அளவு நீலச்சாய மருந்துநீர் ஊற்றி வைப்பர். நாற்றத்தை அடக்குவது அதன் வேலை. தூய்மை செய்வது அன்று. தொட்டி நிரம்பும் முன் லாரி வந்து, உறிஞ்சுகுழாயால் கழிவை இழுத்து, தரையையும் சுவரையும் கழுவி, புது மருந்துநீர் ஊற்ற வேண்டும். பத்துத் தொழிலாளர்க்கு ஒரு கூண்டு, வாரம் நாற்பது மணி நேர வேலைக்கு ஒருமுறை துப்புரவு என்பது அமெரிக்காவில் இத்தொழிலோர் வகுத்த பொதுக்கணக்கு. அது காகிதத்தால் துடைப்போர் நாட்டுக் கணக்கு. நாமோ நீரால் கழுவும் மக்கள். கூண்டை வாங்கினோம், கணக்கையும் அப்படியே வாங்கலாமா?

ஆளுக்கு 2 லிட்டர் சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் சென்று வந்தால் தொட்டி நிறைந்தது. மகளிர் 5,000 பேர், நண்பகல் முதல் இரவு பத்து வரை, ஆளுக்கு இருமுறை என்றால் 10,000 தடவை. நாற்பது கூண்டுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 250. அதாவது, ஒவ்வொரு தொட்டியும் இரண்டரை முறை நிரம்பும்! மூன்று மணிக்கு ஒருமுறை லாரி வராவிடில், மாலை நான்கு மணிக்கே வழியத் தொடங்கும். வழிந்தது, பார்த்தேன். மருந்தின் வீரியமும் நீர் பெருகப் பெருகக் கரைந்து போகும்.

2019ஆம் ஆண்டு பிரயாக்ராஜ் கும்பமேளாவில் 1,20,000க்கும் மேற்பட்ட கழிப்பறைகள் அமைக்கப்பட்டன. அந்த எண் எல்லோர் நாவிலும் நடமாடிற்று. ஒவ்வொன்றும் நாளைக்கு எத்தனை முறை துப்புரவு செய்யப்படுகிறது என்று கேட்டவர் எத்தனை பேர்? எண்ணிக்கை விளம்பரத்துக்கு உதவும். நேர அட்டவணையே மனிதருக்கு உதவும்.

இது தூய்மைப் பிரச்சினை மட்டுமா? அன்று, தோழர்களே, அன்று! வழிந்து உறைந்த கழிவை உறிஞ்சுகுழாய் எடுக்காது. நள்ளிரவில், நாம் வீடு திரும்பிய பின், வாளியும் கரண்டியுமாக ஒருவர் அழைத்து வரப்படுவார். அவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளும் இழிவைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம். 2013இல் மற்றொரு சட்டம். சாக்கடையில் இறங்கி மாண்டோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தரச் சொன்னது உச்சநீதிமன்றம், 2014இல். 2023 அக்டோபரில் அதனை 30 இலட்சமாக உயர்த்திற்று. இத்தனைக்குப் பிறகும் இழிவு தொடர்வது ஏன்? உரிய நேரத்தில் இயந்திரம் வராத இடத்திலெல்லாம் மனிதன் இறக்கப்படுகிறான். அதனால் சொல்கிறேன்: துப்புரவு அட்டவணை வெறும் காகிதம் அன்று, சமத்துவத்தின் சாசனம்! மேடையிலே சாதி ஒழிப்புப் பேசி, பந்தலின் பின்னே சாதியை வேலைக்கு அழைப்பது நமக்கு அழகா?

“செலவு கூடுமே” என்பார் உளர். கூடும், மறுக்கவில்லை. வளைவு ஒன்றைக் குறையுங்கள். வழியெங்கும் கட்டும் தட்டிகளிலே சிலவற்றைக் குறையுங்கள். “கூட்டத்தில் லாரி எப்படி நுழையும்?” என்பார் உளர். தலைவர் காருக்கு வழி விடத் தெரிந்த தொண்டர் படைக்கு, கழிவுநீர் லாரிக்கு வழி விடத் தெரியாதா? கூண்டுகளைப் பந்தலை ஒட்டித் திணிக்காமல், சாலை ஓரமாக, தனி வழி ஒதுக்கி நிறுத்தினால் போதும்.

ஆகவே, இனி வாடகை ஒப்பந்தம் எழுதும்போது கூண்டின் எண்ணிக்கைக்கு மட்டும் பணம் பேசாதீர். எத்தனை முறை துப்புரவு என்பதற்கும் பேசுங்கள். லாரி வரும் மணியை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு கதவின் உட்புறமும் ஓர் அட்டை தொங்கட்டும். கழுவிய நேரமும் கையொப்பமும் அதில் ஏறட்டும். கண்காணிக்கும் பொறுப்பை மகளிர் தோழியரிடமே கொடுங்கள். தண்ணீர், சோப்பு, விளக்கு, மூடியுள்ள குப்பைக் கூடை தவறாது இருக்கட்டும். துப்புரவுப் பணியாளர்க்குக் கையுறையும் காலணியும் நியாயக் கூலியும் கொடுங்கள். மாநாட்டுப் பந்தியிலே நம்மோடு சம இருக்கையும் இடுங்கள். ஏற்றிய கழிவு ஏரியிலோ ஓடையிலோ கொட்டப்படாமல் சுத்திகரிப்பு நிலையம் சென்றதற்கு ரசீது கேளுங்கள். சென்னையிலே கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் அத்தகைய நிலையங்கள் உண்டு. ரசீது வராமல் பாக்கித் தொகை போகக் கூடாது.

தோழர்களே! ஆட்சிக்கு வந்தால் நாட்டை எப்படி நடத்துவோம் என்று மேடையில் சொல்கிறோம். மக்கள் அதை மேடையைப் பார்த்து மட்டும் அளப்பதில்லை. பந்தலின் பின்புறத்தையும் பார்த்து அளக்கிறார்கள். அடுத்த மாநாட்டுக்கு வரவேற்புக் குழு கூடும் நாளில், கொடியின் உயரத்தைப் பேசுமுன், இந்த அட்டவணையை முதல் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அந்த மூதாட்டி மீண்டும் வருவார். அன்று நீட்டும் தண்ணீர்க் குவளையை அவர் அச்சமின்றி வாங்கிக் குடிக்கட்டும்!