வடிகட்டியா, பூட்டா?

சோமனூரில் இல்லங்களைச் சந்திக்கச் சென்றிருந்தோம். இரவு ஷிப்டுக்குத் தறிக்கூடம் புறப்பட்ட தந்தை ஒருவர், "வேண்டாத சேனலை நிறுத்தறதுக்குக் கேபிள் ஒயர்ல மாட்டற பில்டர் எதுங்க சாமி வாங்கறது?" என்று வினவினார். தாயும் தறியில், பிள்ளைகள் இருவரும் தொலைக்காட்சியோடு தனியே. நியாயமான கவலைதான்.

ஆனால் அக்கருவியின் காலம் கடந்துவிட்டது. முன்னாளில் ஒரு சேனலுக்கு ஓர் அலைவரிசை. அதனை மட்டும் தடுக்கும் வடிகட்டி இருந்தது. (அடுத்த சேனலும் சற்றே மங்கும் என்பது வேறு.) இன்றைய டிஜிட்டல் முறையிலோ ஓர் அலைவரிசையிலேயே பல சேனல்கள் ஒன்றாய் வருகின்றன. அதனை அடைத்தால் களையோடு கோதுமையும் போகும்.

2019 பிப்ரவரி முதல், கட்டணச் சேனல்களைச் சந்தாதாரரே தெரிந்தெடுக்கும் முறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நடைமுறைப்படுத்தியது. ஆகவே, வேண்டாததை நீக்குமாறு கேபிள்காரரிடம் கூறுங்கள். தொகுப்பில் சேர்ந்திருப்பின் தொகுப்பையே மாற்ற நேரிடும், விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இலவசச் சேனல்களுக்குச் செட்டாப் பெட்டியிலுள்ள இரகசிய எண் பூட்டே ஏற்றது. பெட்டியோடு வந்த எண்ணை முதலில் மாற்றிவிடுங்கள்.

அவ்வில்லத்திலேயே மாற்ற முனைந்தோம். பழைய எண் தந்தைக்குத் தெரியவில்லை. மூத்த மகன் தயங்காமல் சொன்னான்.